ஆள் மாறினால் போதுமா?

ஹெவி மெட்டல் என்ற பெயரைக் கேட்டவுடனே முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அது இசையன்று, இரைச்சல் என்பது அவர்கள் தீர்ப்பு. அவர்களை மனம் மாற்றுவதற்காக நான் இக்கட்டுரையை எழுதவில்லை. நாதசுரத்தையும் தவிலையும் கேட்டு வளர்ந்த காதுக்கு மின்கிதாரின் முழக்கம் முதல் நாளே இனிக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆயினும் அந்த முழக்கத்துக்குள்ளே நிகழ்ந்த கதை ஒன்று உண்டு. பலர் கூடிச் செய்யும் எந்தப் பணிக்கும் பொருந்தக்கூடிய பாடம் அதில் இருக்கிறது. நம் சங்கத்துக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

சென்ற மாதம் ஓரிரவு, சாப்பாடு முடிந்த பிறகு, விடுதியில் எங்கள் அறையில் ஒரு வாதம் மூண்டது. இங்கிலாந்து நாட்டு இசைக்குழுவாகிய அயர்ன் மெய்டனைப் பற்றிய வாதம் அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அக்குழுவின் டிரம் வாசிப்பாளராக இருந்த நிக்கோ மக்பிரெய்ன் 2024 டிசம்பரில் மேடையை விட்டு விலகிக்கொண்டார். 2025இல் சைமன் டாசன் என்பவர் அவர் இடத்தில் அமர்ந்தார். "ஆள் மாறினால் குழு கெட்டுப்போகும்" என்றார் ஒரு நண்பர். மற்றொருவர் உடனே, "ஏன் கெடவேண்டும்? 2000ஆம் ஆண்டில் ஆள் மாறித்தானே அவர்கள் பிழைத்தார்கள்! உதவாதவரை அனுப்பினார்கள், உதவுபவரை அழைத்தார்கள், இசை உயர்ந்தது. அவ்வளவுதான் கதை" என்றார். அறையில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் அன்று ஆட்டினேன். பிறகு படுக்கையில் கிடந்தபடி யோசித்தபோதுதான், அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லில் பெரிய அநீதி ஒன்று இருப்பது எனக்குப் புலப்பட்டது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். 1975ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பாஸ் கிதார் வாசிப்பாளர் கிழக்கு லண்டனில் தொடங்கிய குழு இது. 1981இல் புரூஸ் டிக்கின்சன் பாடகராக வந்து சேர்ந்தார். உச்ச நிலையில் நின்று நெடுநேரம் முழங்கக்கூடிய குரல் அவருடையது. அடுத்த ஆண்டு வெளிவந்த "தி நம்பர் ஆப் தி பீஸ்ட்" என்ற இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. எண்பதுகள் முழுவதும் அவர்கள் கொடி பறந்தது. பிறகு தேய்பிறை. 1990இல் கிதார் வாசிப்பாளர் ஆட்ரியன் ஸ்மித் விலகினார். அவர் இடத்துக்கு ஜானிக் கெர்ஸ் வந்தார். 1993இல் டிக்கின்சனும் விலகினார். 1994இல் உல்ப்ஸ்பேன் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த பிளேஸ் பேலி என்பவர் பாடகராக அமர்த்தப்பட்டார்.

பேலி பாடிய தட்டுகள் இரண்டு. 1995இல் "தி எக்ஸ் பேக்டர்". 1998இல் "வர்ச்சுவல் லெவன்". டிக்கின்சன் விலகுமுன் 1992இல் வெளிவந்த தட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றிருந்தது. பேலியின் முதல் தட்டு எட்டாம் இடத்துக்கு இறங்கியது. இரண்டாவது பதினாறாம் இடத்துக்கு இறங்கியது. மேடையிலும் அவர் குரல் பல இடங்களில் தடுமாறியது. குரல் கெட்டுச் சில நிகழ்ச்சிகளை நிறுத்தவும் நேர்ந்தது. பழி முழுவதும் அந்த ஒரு மனிதர் தலையில் விழுந்தது.

1999இன் தொடக்கத்தில் பேலி விலக, டிக்கின்சனும் ஸ்மித்தும் சேர்ந்தே குழுவுக்குத் திரும்பினர். 2000ஆம் ஆண்டு மே மாத இறுதியில் "பிரேவ் நியூ வேர்ல்டு" வெளிவந்தது. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய நாவலின் பெயரையே தட்டுக்கு வைத்தார்கள். பத்துப் பாடல்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். நான் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த தட்டு இது. ஆயினும் இன்று கேட்டாலும் நேற்று வாசித்ததுபோல் இருக்கிறது. பத்தாண்டுக் காலம் சோர்ந்திருந்த குழு நிமிர்ந்து உட்கார்ந்ததை முதற்பாடலின் முதல் சில வினாடிகளிலேயே உணரலாம். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. உயர்ந்தது உண்மை. எதனால் உயர்ந்தது என்பதே கேள்வி.

"டிக்கின்சன் திரும்பி வந்தார், அதனால் உயர்ந்தது" என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. இதில் பாதி உண்மை உண்டு, அதை மறுக்கமாட்டேன். "பிளட் பிரதர்ஸ்" என்ற பாடலைக் கேளுங்கள். ஹாரிஸ் தம் தந்தையின் மறைவை நினைந்து எழுதியது. ஊஞ்சல் ஆடுவதுபோன்ற நடையில் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, இறுதியில் பெருங்கூட்டம் கைகோத்து நின்று பாடுவதுபோல் விரிகிறது. அந்த ஏற்றத்தை ஏறி நிற்க டிக்கின்சனின் குரல் வேண்டும். வேறு குரலில் அதைக் கற்பனை செய்வதும் கடினம்.

ஆனால் நாம் விஞ்ஞானம் படிப்பவர்கள். ஆய்வுக்கூடத்தில் நம் ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் என்ன? ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றவற்றை அப்படியே வைத்துக்கொள். அப்பொழுதுதான் விளைவுக்குக் காரணம் இன்னதென்று கூற முடியும் என்பது. வெப்பத்தையும் மாற்றி, அழுத்தத்தையும் மாற்றி, கரைசலையும் மாற்றிவிட்டு, "வெப்பத்தால்தான் விளைந்தது" என்று ஒருவர் ஆய்வேட்டில் எழுதினால், ஆசிரியர் அதைத் திருப்பி நம் கையிலேயே கொடுத்துவிடுவார். விடுதி வாதத்தில் மட்டும் அதே தவற்றை நாம் கூசாமல் செய்கிறோம். 1998க்கும் 2000க்கும் இடையில் இக்குழுவில் மாறியது பாடகர் ஒருவர் மட்டுமன்று. நான் எண்ணிப் பார்த்த அளவில் இன்னும் மூன்று மாறின.

முதலாவது, கிதார். ஸ்மித் திரும்பியபோது, அவர் விட்டுச்சென்ற இடத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஜானிக் கெர்ஸ் இருந்தார். பழையவர் வந்துவிட்டார், புதியவர் எழுந்து போகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. தொடக்க காலம் முதல் குழுவில் இருந்துவரும் டேவ் மர்ரேயுடன் கெர்சும் ஸ்மித்தும் சேர்ந்து மூவராக நின்றார்கள். ஐவர் குழு அறுவர் குழு ஆயிற்று. மூன்று கிதார் எதற்கு, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பாதா என்று ஐயுற்றவர்கள் இருந்திருப்பார்கள். தட்டைக் கேட்டால் அந்த ஐயம் தீரும். ஒருவர் பாட்டின் அடித்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, மற்ற இருவரும் இணைந்து மெட்டை இரட்டைச் சுரமாக இழைக்கிறார்கள். முன்பெல்லாம் இருவரும் இழைக்கத் தொடங்கினால் அடித்தளம் மெலிந்துவிடும். இப்பொழுது கட்டடமும் நிற்கிறது, சித்திரமும் நிற்கிறது.

இரண்டாவது, பாட்டு எழுதும் பொறுப்பு. இதை நான் பட்டியல் போட்டுப் பார்த்தேன். 1998இன் தட்டில் மொத்தம் எட்டுப் பாடல்கள். அவற்றில் நான்கை ஹாரிஸ் ஒருவரே எழுதியிருக்கிறார். சரிபாதி. 2000இன் தட்டில் மொத்தம் பத்துப் பாடல்கள். அவற்றில் ஹாரிஸ் தனியாக எழுதியது ஒன்றே ஒன்று. முன்சொன்ன "பிளட் பிரதர்ஸ்"தான் அது. மற்ற ஒன்பதும் அவர் பிறரோடு கூடி எழுதியவை. கெர்ஸ் நான்கில் பங்கு பெற்றிருக்கிறார், டிக்கின்சன் நான்கில், மர்ரே மூன்றில், ஸ்மித் இரண்டில். தலைவர் ஒதுங்கிவிடவில்லை, பத்திலும் அவர் கை இருக்கிறது. ஆனால் பத்திலும் அவர் கை மட்டுமே இல்லை. பாதிச் சுமையைத் தனியே சுமந்தவர் பத்தில் ஒரு பங்கை மட்டும் தனக்கென வைத்துக்கொண்டார். இம்மாறுதல் யார் காதிலும் குரல்போல் நேராக விழாது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு நிறம் மாறுகிறதே, ஒன்றைப்போல் ஒன்று இல்லையே என்று நாம் மகிழ்கிறோமே, அந்த மகிழ்ச்சிக்கு ஊற்று இதுதான்.

மூன்றாவது, ஒலிப்பதிவு செய்த முறை. பேலியின் இரண்டு தட்டுகளும் எசெக்ஸ் மாவட்டத்தில் ஹாரிசுக்குச் சொந்தமான ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானவை. வீட்டுச் சமையல்போல, அதில் வசதியும் உண்டு, குறையை எடுத்துச் சொல்ல வெளியார் இல்லாத வருத்தமும் உண்டு. "பிரேவ் நியூ வேர்ல்டு" பாரிஸ் நகரில் பதிவாயிற்று. கெவின் ஷர்லி என்ற புதிய தயாரிப்பாளர் ஹாரிசுடன் இணைந்து பொறுப்பேற்றார். ஒவ்வொருவரும் தனித்தனியே வாசித்துப் பிறகு ஒட்டவைக்காமல், எல்லோரும் கூடி நின்று ஒருசேர வாசித்ததைப் பதிவு செய்தார்கள். தட்டில் கேட்கும் உயிர்த்துடிப்பு அதனால் வந்தது. அந்த ஏற்பாடு பயன் தந்தது என்பதற்குச் சான்று, அதன்பின் 2021 வரை வந்த ஐந்து தட்டுகளிலும் அதே ஷர்லி தொடர்ந்து பணியாற்றியதுதான்.

ஆக, நான்கு மாறுதல்கள். நான்கும் ஒரே சமயத்தில் நேர்ந்தவை. இந்நிலையில் விளைவை ஒருவர் வரவுக்கும் மற்றொருவர் செலவுக்கும் மட்டுமே கணக்கு எழுதுவது எந்த விஞ்ஞானத்தில் சேர்ந்தது?

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பார்: "அப்படியானால் பேலியிடம் குறையே இல்லை என்கிறாயா?" நான் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய குரல் தாழ்ந்த நிலையில் கனத்து நிற்கும் குரல். டிக்கின்சனுக்கென்று பிறந்த பழைய பாடல்களை, அவற்றின் உச்ச நிலையோடு, ஊர் ஊராகச் சென்று மேடைதோறும் பாடவேண்டிய கடமை அவருக்கு வாய்த்தது. முடியவில்லை. முடியாதது உண்மை, ஆனால் அது குரலின் குற்றமா, அக்குரலை அந்த இடத்தில் நிறுத்தியவர்களின் குற்றமா? குடத்தில் மொள்ளவேண்டிய தண்ணீரைச் சல்லடையில் மொண்டு, சல்லடையைத் திட்டுவது அறிவுடைமை ஆகுமா? மாவு சலிக்கும்போதல்லவா அதன் அருமை தெரியும்?

அவர் காலத்துப் பாடல்கள் எல்லாம் மோசம் என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒரு சோதனை. 2001 ஜனவரியில் பிரேசில் நாட்டின் ரியோ நகரில், கடல்போல் திரண்ட கூட்டத்தின் முன் இக்குழு நடத்திய நிகழ்ச்சி 2002இல் தட்டாக வெளிவந்தது. டிக்கின்சன் அதில் பேலி காலத்துப் பாடல்கள் இரண்டைப் பாடுகிறார். ஒன்று "சைன் ஆப் தி கிராஸ்", மற்றொன்று "தி கிளான்ஸ்மன்". அந்த நிகழ்ச்சியின் சிறந்த கட்டங்களுள் அவை இரண்டும் சேரும் என்பது என் துணிபு. பாட்டு மோசமாக இருந்தால் ஊர் திரும்பிய பாடகர் அதை ஏன் தலைமேல் ஏற்றுக்கொள்ள வேண்டும்? இன்னும் ஒன்று. "பிரேவ் நியூ வேர்ல்டு" தட்டின் சில பாடல்களே பேலி இருந்த நாளில் அரும்பியவை என்று குழுவினரே கூறியிருக்கின்றனர். நாம் புகழும் புதுவெள்ளத்தில் பழைய ஊற்றும் கலந்திருக்கிறது.

சல்லடை பிறகு என்ன ஆயிற்று? அதே 2000ஆம் ஆண்டில் பேலி தாமே ஒரு குழு அமைத்து "சிலிக்கன் மெசையா" என்ற தட்டை வெளியிட்டார். கேட்டுப் பாருங்கள். பாடல்கள் அவருடைய குரலின் உயரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருக்கின்றன. தடுமாற்றம் இல்லை, திணறல் இல்லை. உறுதியோடும் கனத்தோடும் பாடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் "பாடத் தெரியாதவர்" என்று எள்ளப்பட்டவர் இவர்தானா என்று வியப்போம். மாறியது மனிதரன்று, இடம்.

"பிரேவ் நியூ வேர்ல்டு" குறையே இல்லாத தட்டு என்றும் நான் கொண்டாடவில்லை. "தி நோமட்", "ட்ரீம் ஆப் மிரர்ஸ்" ஆகிய இரண்டும் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீள்கின்றன. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும் பழைய நோய் பின்னதில் இன்னும் தீரவில்லை. அந்த நோய் முந்தைய தட்டின் "தி ஏஞ்சல் அண்டு தி கேம்ப்ளர்" பாடலில் முற்றியிருந்தது. அன்று அதற்கும் பாடகர்மேல்தான் பழி போட்டார்கள். அந்தப் பாட்டை எழுதியவர் ஹாரிஸ் என்பதை மறந்தே போனார்கள். பாடகர் மாறிய பின்னும் நோயின் மிச்சம் இருக்கிறது என்றால், நோய் பாடகரிடம் இல்லை என்பதுதானே பொருள்?

இந்த அறுவர் சேர்ந்து அதன்பின் கால் நூற்றாண்டு நிலைத்தார்கள். 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனைத் திடலுக்கு வந்து பாடினார்கள். 2008 பிப்ரவரி முதல் நாள் தங்கள் உலகப் பயணத்தையே மும்பையில் தொடங்கினார்கள். அப்பயணத்தில் விமானத்தை ஓட்டிவந்த விமானிகளுள் ஒருவர் பாடகர் டிக்கின்சனே. ஆளை மாற்றிக்கொண்டே இருந்த குழு, ஒவ்வொருவருக்கும் உரிய இடம் அமைந்தவுடன் மாற்றுவதை நிறுத்திக்கொண்டது. கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி இதுவே. ஆள் மாறியதால் இசை உயர்ந்தது என்பது பாதி உண்மை. அவரவருக்கு ஏற்ற இடம் அமைந்ததால் இசை உயர்ந்தது என்பதே முழு உண்மை. இன்ன வேலையை இன்னாரால் முடிக்க முடியும் என்று ஆராய்ந்து அவரிடம் அதை விடவேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தியதும் இதையன்றி வேறன்று.

இவ்வளவும் எங்கோ இருக்கும் வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். சொல்கிறேன். சொல்லச் சற்றே வெட்கமாகவும் இருக்கிறது.

சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கத்தில் சேர்ந்திசை ஒன்று ஏற்பாடு செய்தோம். முன்னின்று பாடவிருந்த அண்ணன், ஆராய்ச்சிப் படிப்பை முடித்துக்கொண்டு மார்கழியிலேயே வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். மூன்று கட்டையில் தாராளமாக ஏறிப் பாடும் குரல் அவருக்கு. அவர் இடத்துக்கு முதலாண்டு மாணவராகிய ஒரு தம்பியைப் பிடித்தோம். அவருடைய இயல்பான சுருதி ஒரு கட்டைதான். ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். சுருதியைக் குறைத்து வைத்துக்கொள்வது என் கையில் இருந்தது. "மற்றவர்கள் எல்லோரும் இதிலேயே பழகிவிட்டார்கள், சமாளித்துக்கொள் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஊரைவிட்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்த பிள்ளை, மூத்தவர்களிடம் வேறு என்ன சொல்வார்?

மேடையில் பல்லவி எப்படியோ ஒப்பேறியது. சரணத்தின் மேல்சுரத்தில் அவர் குரல் உடைந்தது. முன்வரிசையில் சிரிப்பொலி கேட்டது. விழா முடிந்து சர்க்கரைப் பொங்கலை இலையில் வாங்கிக்கொண்டு நின்றபோது, "அண்ணன் பாடினமாதிரி இல்லை" என்று நாலு பேர் சொன்னார்கள். ஐந்தாவதாகச் சொன்னவன் நான். அந்தத் தம்பி அன்றுமுதல் சங்கத்துக்கு வருவதில்லை. யாரும் போய்க் கேட்கவுமில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு மாலை, விடுதி மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் யாரோ தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த குரல், மந்தரத்தில் இறங்கி நின்று, அசையாமல் முழங்கிய குரல். எட்டிப் பார்த்தேன். அதே தம்பி. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் சொல்லத் தெரியாமல் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

பேலிக்கு நேர்ந்த அநீதியைப் பற்றி நள்ளிரவில் நியாயம் பேசும் நாம், நம் வீட்டுக்குள்ளேயே ஒருவரை அப்படி நடத்தியிருக்கிறோம். நம் சங்கத்தில் ஆண்டுதோறும் ஆட்கள் மாறுவார்கள். படிப்பு முடிந்தால் போகத்தானே வேண்டும்! புதிதாக வருபவரைப் போனவரின் சட்டைக்குள் திணிப்பதும், பொருந்தாதபோது அவரையே குறைகூறுவதும் நமக்கு வழக்கமாகிவிட்டது. செயலாளர் தேர்தலில் அப்படி, நாடகத்தில் அப்படி, இம்மலரின் ஆசிரியர் குழுவிலும்கூட அப்படி. "சரியான ஆள் கிடைக்கவில்லை" என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். ஆள் கிடைத்தார், அவருக்குரிய இடத்தைக் கொடுக்க நமக்குத்தான் மனம் வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் பொங்கலுக்கு எந்தப் பாட்டு என்று முடிவு செய்யுமுன், யார் பாடுவார் என்று முடிவு செய்வோம். பாடுபவரை முதலில் உட்காரவைத்து, அவர் குரல் எங்கே நிலைகொள்கிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற பாட்டைத் தேர்வோம். மற்றவர்கள் அந்தச் சுருதிக்குப் பழகிக்கொள்ளட்டும். அதற்கு ஒரு மாதப் பயிற்சி போதும்.

வரும் சனிக்கிழமை மாலை அந்தத் தம்பியின் அறைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். முதலில் மன்னிப்புக் கேட்கவேண்டும். பிறகுதான் பாட்டைப் பற்றிப் பேசவேண்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது. பொங்கலன்று இலையோடு நின்று என்னோடு சேர்ந்து குறை சொன்ன அந்த நால்வரும் இதைப் படித்தால், உடன் வருவார்களா? ஆர்மோனியத்தை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை ஒரு கட்டையில்.